பிளேட்லெட் குறைவு என்று றிப்போர்ட் வந்தால்: பிளட் பிக்சர் ஒன்று கேளுங்கள்

திருகோணமலையில் மாரி மழை தொடங்கினாலே டெங்குப் பயமும் வந்துவிடும். 2017இல் கிண்ணியா பட்ட பாடு யாருக்கும் மறக்காது, அதனால் றிப்போர்ட்டில் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டு) 40,000 என்று கண்டவுடன் வீடே பதறிப்போகிறது. ஆனால் காய்ச்சல் இல்லை, முரசில் இரத்தம் கசியவில்லை, தோலில் சிவப்புப் புள்ளி இல்லை, சத்திரசிகிச்சைக்கு முன் வழமையாக எடுத்த இரத்தத்தில் மட்டும் எண்ணிக்கை விழுந்திருக்கிறது என்றால், கோளாறு உங்கள் உடம்பில் இல்லாமல் ரியூப்பில் இருக்கலாம்.

ஊதா மூடி ரியூப்பில், இரத்தம் உறையாமல் இருப்பதற்காக ஈடிடிஏ என்றொரு பொருள் இருக்கும். அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்போது சிலருடைய பிளேட்லெட்டின் மேற்பரப்பு மாறிவிடும், அங்கே அவர்களின் இரத்தத்தில் ஏற்கனவே இருக்கும் ஒரு பிறபொருளெதிரி போய் ஒட்ட, பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும். மெஷினுக்கு அந்தக் கொத்து பிளேட்லெட்டாகத் தெரியாது, சிலவேளை வெள்ளணு என்றுகூட எண்ணிவிடும். கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி வரலாம். உடம்புக்குள் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, பப்பாசி இலைச் சாறு குடிக்கவும் தேவையில்லை.

சரி, என்ன செய்வது? முதலில் டொக்டரிடம் பிளட் பிக்சர் ஒன்று கேளுங்கள், அதாவது ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்ப்பது, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கொத்து அப்படியே தெரியும். அப்புறம் நீல மூடி சிட்ரேட் ரியூப்பில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அதில் 9 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு திரவம் கலப்பதால் வரும் எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும், 2,00,000 என்று வந்தால் உண்மையில் 2,20,000. சிலருக்கு சிட்ரேட்டிலும் கொத்துச் சேரும், அதையும் பிளட் பிக்சர் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, நேரம் போகப் போக, இரத்தம் ஆற ஆறக் கொத்து கூடும். ஆகவே மூதூரிலோ குச்சவெளியிலோ கொடுத்து டவுனுக்கு அனுப்புவதைவிட, மெஷின் இருக்கும் லாபுக்கே போய்க் கொடுத்து உடனே எண்ணச் சொல்வது நல்லது.

காய்ச்சல் இருந்தால் மட்டும் இந்தக் கதையை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம், தயவுசெய்து. டெங்குவில் பிளேட்லெட் உண்மையாகவே விழும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரியூப்பில்தான் பிழை என்று உறுதியானால், ‘ஈடிடிஏயில் பிளேட்லெட் கொத்துச் சேரும், சிட்ரேட்டில் எண்ணவும்’ என்று டொக்டரைக் கொண்டே கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். தெரியாத இடத்தில் சத்திரசிகிச்சை தள்ளிப்போவதும், தேவையில்லாமல் ஸ்டீரொயிட் கொடுப்பதும், என்பு மச்சை எடுத்துப் பார்ப்பதும் இந்த ஒரு வரி இல்லாததால் நடக்கக்கூடியவை.