ட்ரோன் எத்தனை வேண்டும்? கணக்கு வழுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு தம்பி எக்செல் ஷீட் அனுப்பி, "அண்ணா, மணிக்கு 15 பார்சல், நாலு ட்ரோன் போதும்ல?" என்று கேட்டான். திறந்து பார்த்தால் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் முதல் வேலையில் நான் போட்ட அதே கணக்கு, அச்சு அசலாக. மழையில் பறக்காது, எடை கூடினால் தூரம் குறையும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணுவது

தம்பியின் கணக்கு இதுதான்: தூரம் 8 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 60, போக 8 நிமிடம், வர 8 நிமிடம். 16 நிமிடத்துக்கு ஒரு ட்ரிப், அப்படியென்றால் 15 பார்சலுக்கு நாலு ட்ரோன். ஷீட்டில் பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது.

ட்ரோன் தரையில் நிற்கும் நேரம் எங்கே போச்சு? பார்சலை எடை பார்த்துப் பூட்ட 3 நிமிடம், கிளம்பும் முன் சோதனை 2, மேலே ஏற 1, அங்கே தாழ்ந்து கயிற்றில் பார்சலை இறக்க 2, திரும்பி வந்து தரையிறங்க 1, பேட்டரி மாற்ற 3, முன்னால் வந்தது லேண்டிங் பேடைக் காலி செய்யும்வரை காத்திருக்க 2. ஆக ஒரு சுற்று 30 நிமிடம். மணிக்கு 15 பார்சலை அரை மணியால் பெருக்கினால் 7.5, அதாவது எட்டு ட்ரோன். இது ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் 1961-ல் நிரூபித்த விதிதான்: மணிக்கு எத்தனை வருகிறதோ அதை உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே எத்தனை இருக்கும் என்று தெரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றாமல் ட்ரோனிலேயே ஒரு மணி நேரம் சார்ஜ் போடுகிற ஆளா நீங்கள்? சுற்று 87 நிமிடம், 22 ட்ரோன்.

நான் அந்த ரகம்தான். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரிகள் கொண்டுபோகும் வேலை, நாலு ட்ரோன் போதும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஐஸ் பெட்டி நிறைய மாதிரிகள், நாலு ட்ரோனும் சார்ஜில். "சார், ட்ரோன் எங்க?" என்று போன் வந்துகொண்டே இருக்க, கடைசியில் பைக்கில் பையனைத்தான் அனுப்பினோம். கூடுதல் ட்ரோன் வாங்கிய காசைவிட வலித்தது, இரண்டு ட்ரோனுக்கு என்று கட்டிய பேடை இடித்துக் கட்டியதும், பாதியில் ஆள் தேடிப் பயிற்சி கொடுத்ததும்.

2016 முதல் ருவாண்டாவில் ட்ரோனில் ரத்தம் கொண்டுபோகும் ஜிப்லைன் நிறுவனத்தைப் பாருங்கள். பாராசூட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு ட்ரோன் இறங்காமலே திரும்பிவிடும். 2018-ல் புது ட்ரோனை அறிவித்தபோது, ஆர்டர் வந்து கிளம்ப ஆகும் நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாக்கியதாகச் சொன்னார்கள். வேகம் எல்லாரும் கூட்டுவார்கள், இவர்கள் தரையில் கரையும் நிமிடங்களையும் துரத்தினார்கள்.

நாள் சராசரி

12 மணி நேரத்தில் 120 ஆர்டர் என்றால் மணிக்கு 10 என்று எழுதாதீர்கள். காலை ஒரே மணியில் 25 வந்து விழும், அந்த மணிக்குத்தான் ட்ரோன் வாங்க வேண்டும்.

காற்று

எதிர்க்காற்றில் இழந்ததைத் திரும்பும்போது பிடித்துவிடலாம் என்பார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் அதே 8 கிலோமீட்டர் போக 12 நிமிடம், வர 6. மொத்தம் 18. பிடிக்க முடியாது.

ட்ரோனுக்கு இரண்டு பேட்டரி

யார் சொன்னது இந்த விதியை? பேட்டரிக்குச் சுற்று தனி: ட்ரோனில் 30 நிமிடம், சூடு ஆற 15, சார்ஜுக்கு 60. மேலே சொன்ன அதே 15 பார்சலுக்கு 27 பேட்டரி வேண்டும், 16 பத்தாது.

உபரி

எட்டு தேவையென்றால் பத்து வாங்குங்கள்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். நேற்று ஷீட்டைத் திருத்தி அனுப்பினான். ட்ரோன் 10 என்று சரியாக இருக்கிறது. பேட்டரி வரியில் 20.