தெருவில் அன்பியம் தொடங்குவது எப்படி? ஆறாவது படியை விட்டுவிடாமல்

ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த மக்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் பங்கு. பங்கில் மரியாயின் சேனை என்ற பக்திக் குழு இருக்கும், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கும், பாடகர் குழுவுக்குள் சண்டையும் இருக்கும். தேர்பவனிக்கு ஒரு குறையும் வராது. ஆனால் ஞாயிறு பூசை முடிந்து பத்து நிமிடத்தில் கோயில் வளாகத்தில் ஒரு வண்டிகூட நிற்காது. இதை மாற்ற நான் நம்புவது அன்பியத்தைத்தான்: ஒரே தெருவின் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து செபிக்கவும் அக்கம்பக்கத்துக்கு உதவவும் கூடும் சின்னக் குழு. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்ற ஊக்கவுரையில் பங்கைச் ‘சமூகங்களின் சமூகம்’ என்கிறார். அந்தச் சின்னச் சமூகத்தை ஒரு தெருவில் எப்படி உண்டாக்குவது என்பதை, புதுச்சேரியில் எங்கள் தெருவில் செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பங்குத்தந்தையிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எல்லை

இருபது, முப்பது வீடு போதும். வயதானவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே வந்துவிடும் தூரம் இருக்க வேண்டும். கோடு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘அந்தப் பக்கத்து ஆட்கள் தனியாக வைத்துக்கொள்ளட்டும்’ என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். அதை ஒப்புக்கொண்டால் நீங்கள் தொடங்குவது சாதிச் சங்கம். நம்ம ஊரில் இது பழைய வியாதி. புதுச்சேரியின் சம்பா கோயில் என்ற கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், 1745இல் அது இடிக்கப்பட்டதைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இன்று கோயிலுக்குள் சுவர் இல்லை; தாளில் நீங்கள் போடும் கோட்டில் அது திரும்ப வந்துவிடக் கூடாது. தெரு எப்படிப் போகிறதோ கோடும் அப்படியே போகட்டும்.

நோட்டு

ஒரு குயர் நோட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்பது என் கட்சி. காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் ‘அம்மா கீழே விழுந்துட்டாங்க’ என்ற செய்தி காணாமல் போய்விடும். நோட்டில் வீட்டு வரிசைப்படி எழுதுங்கள்: தனியாக இருக்கும் முதியவர், படுக்கையில் இருப்பவர், இரவு ஷிப்ட் போகிறவர், கைக்குழந்தை. இந்து, முஸ்லிம் வீடுகளையும் சேர்த்து எழுதுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து, விடிந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, நோட்டில் இருந்தது. நோட்டு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். கூட்டத்தில் எடுத்து வாசிக்க வேண்டாம். நோய் விவரம் ஊர்ப்பேச்சு ஆகக் கூடாது.

நேரமும் டீயும்

வாரத்துக்கு ஒரு வீடு, ஒரு மணி நேரம். டீ மட்டும். ஒரு வீட்டில் கேசரி, வடை என்று ஆரம்பித்தால் வாடகை வீட்டுக்காரர்கள் தங்கள் முறை வரும்போது வெளியூர் போய்விடுவார்கள்.

ஏழு படிகள்

தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் உருவாக்கிய ஏழு படி முறைதான் நம் அன்பியங்களிலும் பழக்கத்தில் இருக்கிறது. ஆண்டவரை அழைப்பது, வாசகம் வாசிப்பது, மனதில் பட்ட சொற்களை உரக்கச் சொல்வது, மௌனம், பகிர்வு, பணித் திட்டம், செபம். வரும் ஞாயிறு நற்செய்தியையே எடுத்துக்கொண்டால் பூசையில் பிரசங்கமும் காதில் ஏறும். பெரிய எழுத்து விவிலியம் ஒன்று போதும். கைபேசியில் வாசித்தால் மௌனத்தின் நடுவில் கண்டிப்பாக அழைப்பு வரும்.

சிக்கல் ஆறாவது படியில்தான். ஐந்தாவதில் எல்லாரும் மனம் விட்டுப் பேசியிருப்பார்கள், மணி எட்டரை ஆகியிருக்கும், டீ கொதிக்கும் வாசனை வரும். ‘சரி, செபம் சொல்லி முடிச்சுக்கலாம்’ என்று நேராக ஏழுக்குத் தாவிவிடுவார்கள். அப்படித் தாவத் தாவ, அன்பியம் இன்னொரு செபமாலைக் கூட்டமாக ஆகிவிடும். செபமாலை நல்லதுதான், ஆனால் அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு: படி நடக்கும், வேலை நடக்காது. ‘ஏழைகளுக்கு உதவுவோம்’ என்பது திட்டமில்லை. யார், என்றைக்கு, எந்த வீட்டுக்கு என்ற மூன்றும் இருந்தால்தான் திட்டம். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் டயாலிசிஸுக்கு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர். துணைக்குப் போக ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது.

“யாராவது போய்க்கலாம் தம்பி.”

“யாராவதுன்னு நம்ம தெருவுல யாரும் இல்லையே அக்கா. செவ்வாய்க்கிழமை யாரு?”

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம், வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஆட்டோ ஓட்டும் அண்ணன் கையைத் தூக்கினார். பெயரையும் கிழமையையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் கூட்டம் தொடங்கும்போது ‘என்ன ஆச்சு’ என்று அந்த வரியை முதலில் கேளுங்கள். குற்றம் சொல்லும் குரலில் வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு வேலை போதும். அது பல வாரம் கத்தோலிக்கர் அல்லாத வீட்டுக்கே அமையும், அமையட்டும். போன இடத்தில் துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள். கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவரிடம் உதவியைத் தூண்டில் ஆக்குவது நற்செய்தி ஆகாது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

‘ஆண்கள் வருவதே இல்லை.’ அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். ஏணி பிடிக்க, கட்டில் தூக்க, வண்டி எடுக்க. வேலை செய்தவர் அடுத்த வாரம் அதன் கதையைச் சொல்லவாவது வருவார்.

‘பூசைக்கு வராத குடும்பங்களைச் சந்திக்கும்போது என்ன பேசுவது?’ பூசையைத் தவிர வேறு எதையும். வந்தவுடன் வருகைப் பதிவேடு எடுத்தால் அடுத்த முறை கதவு திறக்காது. பலருக்குக் கோயிலில் யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல் உள்ளே கிடக்கும். அதைச் சொல்லி முடிக்க விடுங்கள்.

‘அன்பியத்தில் மாதச் சீட்டு தொடங்கலாமா?’ வேண்டவே வேண்டாம். சீட்டு நின்றால் அன்பியமும் நிற்கும். உண்டியலும் வேண்டாம். ஒரு வீட்டுக்குப் பணம்தான் தேவை என்றால் வின்சென்ட் தே பவுல் சபையிடம் சொல்லுங்கள், அவர்களுக்குக் கணக்கு வைத்துப் பழக்கம் உண்டு. அதைவிடப் பெரிய தேவை என்றால் உங்கள் அன்பியப் பிரதிநிதி பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையில் எழுப்பட்டும். வாய்வார்த்தையாக வேண்டாம், நோட்டையே எடுத்துக்கொண்டு போகட்டும். அடுத்தவர் விவரம் உள்ள பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டு.