காற்றில் தொடுவுணர்வு: மீயொலிக் கருவிகளை வடிவமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறையோ கைப்பிடியோ இல்லாமல், வெறும் கையை நீட்டிய இடத்தில் ஒரு பொத்தானின் அழுத்தத்தை உணரச் செய்யும் முயற்சி இன்று ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. 2008-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி ஷினோடாவின் குழு, மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலியைக் காற்றில் குவித்து, அதைக் கொண்டு தோலில் தொடுவுணர்வு எழுப்பிக் காட்டியது. 2013-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் சுப்பிரமணியனின் குழு, ஒரே நேரத்தில் பல புள்ளிகளில் அவ்வுணர்வைத் தரும் முறையை உருவாக்கியது. அங்கிருந்து பிறந்த அல்ட்ராஹாப்டிக்ஸ் நிறுவனம், 2019-இல் கையசைவுகளைக் கண்காணிக்கும் கருவிகளைச் செய்துவந்த லீப் மோஷனோடு இணைந்து அல்ட்ராலீப் ஆனது. இத்தகைய கருவிகளை வைத்து அருங்காட்சியக அரங்குகளையோ, காரின் கட்டுப்பாட்டுப் பலகைகளையோ, விளையாட்டுகளையோ வடிவமைப்பவர்கள் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை ஒரே ஆசையிலிருந்து முளைக்கின்றன. காற்றைத் திடப்பொருளாக நடிக்க வைக்க வேண்டும் என்பதே அந்த ஆசை.

முதலில் விசையின் அளவை நினைவில் கொள்ள வேண்டும். 2010-இல் ஷினோடா குழு மீயொலியை வெளியிடும் 324 ஒலியுமிழ்விகளைக் கொண்டு அமைத்த கருவி தந்த விசை ஏறத்தாழ 16 மில்லிநியூட்டன், அதாவது 1.6 கிராம் எடை. ஒரு ரூபாய் நாணயத்தின் எடையில் ஏறக்குறைய பாதி. பின்னர் வந்த கருவிகள் மேம்பட்டிருந்தாலும் கையைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் எதற்கும் இல்லை. ஆகவே மெய்நிகர் சுவர், அழுத்தினால் எதிர்க்கும் விசை, கையில் கனக்கும் பந்து போன்றவற்றை வாக்களிக்கும் காட்சியமைப்பு பயனரை ஏமாற்றத்தில்தான் கொண்டுபோய் விடும். கண் பாறையைக் கண்டுகொண்டிருக்க, கை மெல்லிய நடுக்கத்தை மட்டும் உணர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிடுகின்றன. மழைத்துளி, மின்பொறி, காற்றோட்டம், பூச்சியின் சிறகடிப்பு போன்ற இயல்பிலேயே எடையற்ற பொருள்களைத் தேர்ந்தெடுத்தால் அதே நடுக்கம் நம்பகமாகிறது. என் பார்வையில், இந்தத் தேர்வைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற பாதிப் பிழைகள் எழவே எழா.

அடுத்து வருவது அதிர்வெண்ணைப் பற்றிய குழப்பம். இக்கருவிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அந்த அதிர்வைத் தோல் உணர்வதில்லை. உள்ளங்கையில் ஆழமாக அமைந்து அதிர்வை உணரும் பாசினியன் உணர்வேற்பிகள் 200 முதல் 250 ஹெர்ட்ஸ் அளவில்தான் மிகக் கூர்மையாக இருக்கின்றன என்பதால், மீயொலியின் வலிமையை அந்த வேகத்தில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. வலிமையை மாற்றாமல் குவியப்புள்ளியையே தோலின் மேல் விரைந்து ஓடச் செய்வது இன்னொரு வழி. அதில் புள்ளி வினாடிக்கு 5 முதல் 8 மீட்டர் வேகத்தில் நகரும்போது உணர்வு மிக வலுவாக இருப்பதாக 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதைக் கருதாமல் சிறிய வட்டத்துக்கும் பெரிய வட்டத்துக்கும் ஒரே சுழற்சி எண்ணிக்கையை வைத்துவிட்டு, ஒன்று மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஒலியுமிழ்விகளைச் சந்தேகிப்பது வீண் வேலை. முன்கையிலும் புறங்கையிலும் உள்ள முடியடர்ந்த தோலின் உணர்வமைப்பு வேறு என்பதால், உள்ளங்கைக்காகச் சீரமைத்த அதிர்வை அப்படியே அங்கே கொண்டுசெல்வதும் பலன் தராது.

வடிவங்களில் செய்யப்படும் பிழையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காற்றில் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மில்லிமீட்டர், குவியப்புள்ளியை அதற்குக் கீழே பெரிதாகச் சுருக்க முடியாது. இந்த அளவுள்ள தூரிகையால் எழுத்துகளையும் நுண்ணிய சின்னங்களையும் உள்ளங்கையில் வரைய முயல்வது பயனற்றது. சதுரத்தின் நான்கு பக்கங்களையும் ஒரே கணத்தில் நிரப்பினால், பயனர் உணர்வது சதுரத்தை அன்று. தெளிவற்ற ஒரு பரப்பைத்தான். வலிமை ஏற்றி இறக்கப்படும் ஒரே புள்ளி அந்த ஓரத்தின் வழியே மெல்ல நகர்ந்து, ஒவ்வொரு மூலையிலும் சற்றே நின்று செல்லுமானால் மூலைகளைக் கை எண்ணிக்கொள்கிறது. இதனோடு தொடர்புடைய இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. பக்க வீச்சுகள், அதாவது குவியத்துக்கு வெளியே வேறு திசைகளில் செல்லும் ஒலிக்கற்றைகள், எழாதிருக்க ஒலியுமிழ்விகளுக்கு இடையிலான தூரம் அரை அலைநீளத்துக்குள், அதாவது 4.3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் ஒலியுமிழ்வி ஒன்றின் விட்டமே 10 மில்லிமீட்டர். ஆகவே குவியத்தை நடுவிலிருந்து வெகுவாக விலக்கினால், எதிர்பாராத இடத்தில் துணைக் குவியங்கள் தோன்றக்கூடும். முக்கியமான பொத்தான்களைக் கருவியின் ஓரங்களுக்கு நேரே வைக்காமல் இருப்பது எளிய தீர்வு.

தாமதமும் இதே 8.6 மில்லிமீட்டரோடு கணக்கிடப்பட வேண்டியது. கை வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்றும், கேமரா, மென்பொருள், ஒலியுமிழ்வி எல்லாம் சேர்ந்து 50 மில்லிவினாடி எடுத்துக்கொள்கின்றன என்றும் வைத்துக்கொண்டால், அதற்குள் கை 25 மில்லிமீட்டர் தாண்டிப் போயிருக்கும். அது குவியத்தின் அகலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கையின் அடுத்த நிலையை முன்கணிப்பது ஓரளவு உதவும் என்றாலும், விரைவான வீச்சுகளை எதிர்பார்க்காத, கை தங்கி நிற்கும்படியான அசைவுகளைத் தேர்ந்தெடுப்பதே உறுதியான வழி. அதே சமயம் கையை நெடுநேரம் அந்தரத்தில் தூக்கி வைத்திருக்கச் செய்யவும் கூடாது. தோள் விரைவில் வலிக்கத் தொடங்கும்.

ஒலியின் பக்கம் வந்தால், பெரும்பாலான குழுக்கள் அதைக் கடைசி வாரத்தில் சேர்க்கும் அலங்காரமாகக் கருதுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 1998-இல் வெய்க்கோ யூஸ்மாக்கியும் ரீட்டா ஹாரியும், ஒருவர் தம் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளும் ஓசையின் உயர் அதிர்வெண்களைக் கூட்டிக் கேட்கச் செய்தபோது, அவருக்குத் தம் தோலே காகிதம்போல் உலர்ந்துவிட்டதாகத் தோன்றியதைக் காட்டினார்கள். மெல்லிய தொடுவுணர்வுக்குக் கடினத்தையும் வறட்சியையும் தரவல்லது ஒலி. ஆகவே இரண்டையும் முதல் நாளிலிருந்தே ஒரே நேரக்கோட்டில் சேர்த்துதான் வடிவமைக்க வேண்டும்.

ஆனால் அந்த ஒலியையும் அதே மீயொலிக் கருவியிலிருந்தே பெற்றுவிடலாம் என்று எண்ணுவது அடுத்த தவறு. 2019-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு கருவி, 2 மில்லிமீட்டர் மணியொன்றை 512 ஒலியுமிழ்விகளால் அந்தரத்தில் பறக்கவிட்டு உருவங்களை வரைந்ததோடு, அவற்றைக் கொண்டே ஒலியையும் தொடுவுணர்வையும் தந்தது. அது வியக்கத்தக்க சாதனைதான். எனினும் ஒரே ஆற்றலை மூன்று பணிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. மேலும், மீயொலியிலிருந்து காற்றில் பிறக்கும் கேட்கத்தக்க ஒலி, அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 12 டெசிபல் நலிகிறது. கதவு மூடும் ஓசையோ மத்தளத்தின் இடப்பக்கமான தொப்பியின் முழக்கமோ அதில் மெலிந்துதான் ஒலிக்கும். அவற்றுக்குச் சாதாரண ஒலிபெருக்கி ஒன்றைக் கூடவே வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிய தவறு இரு திசைகளிலும் நடக்கிறது. காற்றுக்கும் தோலுக்கும் ஒலித்தடையில், அதாவது ஒலி கடந்துசெல்வதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பில், உள்ள பெரும் வேறுபாட்டால் மீயொலியில் 99.9 விழுக்காடு தோலிலேயே எதிரொலித்துத் திரும்பிவிடுவதால், உடலுக்குள் அது ஊடுருவும் என்ற அச்சம் மிகையானது. அதற்காகச் செவியை மறந்துவிட முடியாது. குவியப்புள்ளியில் ஒலியழுத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 1984-இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட இடைக்கால வழிகாட்டுதலோ பொதுமக்களுக்கு 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 100 டெசிபல் என்ற வரம்பை வைத்தது. சிறுவர் ஒருவர் பலகையின் மேல் குனிந்து எட்டிப் பார்ப்பது அருங்காட்சியகத்தில் நாள்தோறும் நடக்கக்கூடியது என்பதால், கேமரா கையைத் தவிர வேறெதையும் கண்டால் ஒலியுமிழ்விகள் உடனே அணைந்துவிட வேண்டும். நாய்கள் ஏறக்குறைய 45 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் பூனைகள் அதற்கும் மேலும் கேட்கவல்லவை; வீட்டில் வைக்கும் கருவியை உருவாக்குபவர்கள் அவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்வது கடமை.

இறுதியாகச் சோதனை. 200 ஹெர்ட்ஸில் வலிமை ஏற்றி இறக்கப்பட்ட மீயொலி மெல்லிய ரீங்காரத்தை எழுப்புகிறது. குவியம் திடீரென இடம் மாறும்போதும் சிறு சொடுக்கொலி கேட்கிறது. சோதனைக்கு வந்தவர் கையால் உணராமல் காதால் கேட்டே சரியான விடையைச் சொல்லிவிட முடியும் என்பதால், இரைச்சல் ஒலிக்கும் ஹெட்போனை அணிவிக்காமல் பெற்ற முடிவுகளை நம்புவதற்கில்லை. வயது ஏற ஏறப் பாசினியன் உணர்வேற்பிகளின் கூர்மை குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே இருபது வயது மாணவர்களை மட்டும் வைத்து வலிமையின் அளவை முடிவு செய்யாமல், அறுபதைக் கடந்தவர்களையும் அழைத்து, அவர்களுள் உணர முடியாதவர்களுக்காக அதே செய்தியை ஒலியிலும் ஒளியிலும் தரும் வழியை முதல் முன்மாதிரியிலேயே அமைத்துவிட வேண்டும்.