லீட் போட்டி: பாதையைப் படிப்பதிலிருந்து கடைசிப் பிடி வரை

ஸ்போர்ட் கிளைம்பிங்கில், வழியெங்கும் கயிற்றை மாட்டிக்கொண்டே செயற்கைச் சுவரில் முடிந்த உயரம் வரை ஏறுவது லீட் பிரிவு. இதில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் அமைக்கும் பாதையை வீரர் அதற்கு முன் பார்த்திருக்க முடியாது. ஏறக் கிடைப்பதும் ஒரே ஒரு வாய்ப்புதான். விரல் வலு எல்லோரிடமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் மட்டத்தில், கீழே நின்று பாதையைப் படிக்கத் தரும் 6 நிமிடங்கள்தான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதலில் அடியிலிருந்து உச்சி வரை, எந்தப் பிடிக்கு வலக்கை, எதற்கு இடக்கை என்று கைகளை அசைத்துக்கொண்டே படியுங்கள். கை வரிசை உடலில் பதிய இதுதான் வழி. அடுத்து குயிக்டிராக்களை, அதாவது கயிற்றை மாட்டச் சுவரில் தொங்கும் கொக்கிகளை, மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் பிடியில் நின்று, எந்தக் கையால் கயிற்றை மாட்டுவது? இதைக் கீழேயே முடிவு செய்யாதவர், மேலே போய்க் கையை மாற்றிப் பிடிக்க வேண்டிவரும். அங்கேயே பாதித் தெம்பு போய்விடும். பிறகு சுவரின் இரு ஓரங்களுக்கும் நடந்து பக்கவாட்டில் பாருங்கள். சுவரிலிருந்து புடைத்து நிற்கும் பெரிய வால்யூம்களின் (பெட்டி போன்ற அமைப்புகள்) பின்னால் ஒளிந்திருக்கும் கால்பிடிகள் நேரே நின்றால் தெரியாது. பைனாகுலர் அனுமதி உண்டு. பிடியின் எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று அதில்தான் தெரியும். தாளில் படம் வரையலாம், கேமரா கூடாது. உடன் போட்டியிடுபவர்களிடம் பேசலாம், தயங்காமல் பேசுங்கள். வரிசை புரியாத இடத்துக்கு இரண்டு வழிகளை யோசித்து வையுங்கள்.

அடுத்தது ஐசோலேஷன் அறை: மற்றவர் ஏறுவதைப் பார்க்க முடியாதபடி வீரர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் இடம். இங்கே கைபேசி கிடையாது. ஏறுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே உடலைச் சூடேற்றத் தொடங்குங்கள். முதலில் தோள், மணிக்கட்டு, பிறகு பெரிய பிடிகள், கடைசியில் சிறு பிடிகள். முன்கை லேசாக இறுகும் அளவுக்கு ஒரு தொடர் ஏற்றம் செய்துவிட்டு, 15 நிமிடமாவது ஓய்வெடுங்கள். இதைத் தவிர்த்துக் குளிர்ந்த முன்கையோடு சுவரில் ஏறினால், இறுகும் தசை ரத்த ஓட்டத்தை நெரித்து, பத்துப் பன்னிரண்டு அசைவிலேயே கை கல்லாகிவிடும். அப்படி இறுகிய கை அந்தச் சுற்றுக்குள் மீளாது.

ஏறவும் 6 நிமிடம்தான். 45 அசைவுள்ள பாதை என்றால் ஓர் அசைவுக்குச் சராசரியாக 8 வினாடி. கயிறு மாட்டுவது, கை வழுக்காமலிருக்கச் சாக் தூள் தொடுவது, ஓய்வு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எளிதான அடிப்பகுதியில் வேகமாகப் போய், நல்ல பிடியில் நின்று கைகளை மாறி மாறி உதறுங்கள். மூச்சு தணிந்ததும் கிளம்புங்கள். தொங்கும் கை தேறுவதைவிடப் பிடித்திருக்கும் கை அதிகம் தளர்ந்தால் அது ஓய்வே அல்ல.

கயிற்றை இடுப்புக்கும் மார்புக்கும் இடையே குயிக்டிரா வரும்போது மாட்டுவது நல்லது. தலைக்கு மேல் எட்டி மாட்டினால் நிறையக் கயிறு இழுக்க வேண்டும்; அந்த நேரத்தில் விழுந்தால் தளர்ந்த கயிறு முழுவதும் வீழ்ச்சியின் நீளத்தில் சேரும். கயிறு சுவர்ப்பக்கத்திலிருந்து வெளியே உங்களை நோக்கி வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் விழும்போது கயிறே கொக்கியின் வாயிலைத் திறந்துவிடலாம். குயிக்டிராக்களை வரிசையாக மாட்டியே தீர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டுத் தாண்டினால் ஏற்றம் அங்கேயே நிறுத்தப்படும்.

கை விட்டுப்போகும் நிலையிலும் வெறுமனே விழாதீர்கள். அடுத்த பிடியை நோக்கிக் கட்டுப்பாட்டுடன் ஓர் அசைவு செய்தால் மதிப்பெண்ணோடு ஒரு கூட்டல் குறி சேரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போல்டர் (கயிறின்றித் தாழ்வான சுவரில் ஏறும் பிரிவு), லீட் இரண்டின் புள்ளிகளையும் கூட்டிய போல்டர்-லீட் போட்டியில் அதன் மதிப்பு 0.1. அங்கே லீடுக்கு 100 புள்ளிகள்: உச்சியிலிருந்து எண்ணினால் முதல் 10 பிடிகளுக்குத் தலா 4, அடுத்த பத்துக்கு 3, பிறகு 2, பிறகு 1. போல்டரில் 63.1 எடுத்துப் பின்தங்கியிருந்த பிரிட்டனின் டோபி ராபர்ட்ஸ், லீடில் 92.1 எடுத்துத் தங்கம் வென்றார். போல்டரில் 69.3 எடுத்திருந்த ஜப்பானின் சொராட்டோ அன்ராகு லீடில் 76.1 மட்டுமே எடுத்ததால் வெள்ளியோடு நின்றார். இந்த முறையில் உச்சிக்கு அருகே ஒரு பிடி கூடுதலாகக் கிடைத்தாலே 4 புள்ளி என்பதால், தெம்பை அந்தக் கடைசிப் பத்துப் பிடிகளுக்குச் சேமித்து வையுங்கள்.