இணையதளத்துக்கு ஒரு நோக்க வாசகம்

தளத்தின் நிறம், லோகோ, எழுத்துரு எல்லாவற்றையும் யோசிக்கிறோம். தளம் யாருக்கு, எதற்கு என்று ஒரு வரி எழுதிவைக்கத்தான் மறந்துவிடுகிறோம்.

யாருக்கு, என்ன தருகிறோம், அதனால் அவர்களுக்கு என்ன பயன்: இவ்வளவு இருந்தால் போதும். கூகுளுடையது ஒரே வாக்கியம்தான்: உலகத் தகவல்களை ஒழுங்குபடுத்தி, எல்லோருக்கும் எட்டும்படியும் பயன்படும்படியும் செய்வது.

'தரமான சேவையே எங்கள் இலட்சியம்' என்று மட்டும் எழுதாதீர்கள். போட்டித் தளத்தின் பெயரைப் போட்டாலும் அது அப்படியே பொருந்தும். 'முதன்முறையாக மாடித்தோட்டம் போடுபவர்களுக்கு, அதிகச் செலவில்லாத வழிகளைப் படிப்படியாகச் சொல்கிறோம்' என்று பாருங்கள். படிப்பவர் யாரென்று உடனே தெரிகிறது.

சரி, எழுதியாயிற்று. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் புதைத்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? முகப்பில், தளத்தின் பெயருக்குக் கீழேயே சுருக்கமாகப் போடுங்கள். முகப்புப் பக்கத்தின் மெட்டா விவரணையிலும் (தேடுபொறிகளுக்காகப் பக்கத்தின் நிரலில் எழுதும் சிறு அறிமுகம்) சேர்த்தால், தேடல் முடிவுகளில் அது தென்பட வாய்ப்புண்டு.

அதைவிட முக்கியமான பயன் உள்வேலையில்தான். புதுப் பக்கமோ வசதியோ சேர்க்குமுன் அந்த வரியோடு ஒப்பிடுங்கள். மாடித்தோட்டத் தளத்தில் கைபேசி விமர்சனம் எதற்கு? அப்புறம், தளம் திசை மாறினால் வாசகத்தையும் தயங்காமல் மாற்றிவிடலாம்.