லினக்ஸ் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

"லினக்ஸ் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை" என்பவர்களிடம் எங்கே நின்றது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இன்ஸ்டால் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஏதோ ஓர் இடத்தைச் சொல்வார்கள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பிரபல வகைகளான (டிஸ்ட்ரோக்கள்) உபுண்டு, மின்ட் இரண்டிலுமே நிறுவும் வேலை இன்று சில கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. வம்பெல்லாம் அதற்கு முன்னால்தான்.

எதைப் போடுவது என்பதிலேயே சிலர் வாரக்கணக்கில் சுற்றுகிறார்கள். யாரோ புகழ்ந்தார்கள் என்று முதல் தடவையே ஆர்ச் என்ற கடினமான வகையின் பக்கம் போய்க் கறுப்புத் திரையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், 5 ஆண்டுகளுக்கு அப்டேட் கிடைக்கும். அதுவோ மின்ட்டோ போதும்.

அடுத்தது பென்டிரைவ். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவும் வட்டின் முழு நகல்) பாட்டு, படம் மாதிரி அப்படியே காப்பி செய்து போட்டால் கணினி அதைக் கண்டுகொள்ளாமல் விண்டோஸுக்கே போய்விடும். ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற கருவியால்தான் அதை எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். கோப்பு பாதியில் கெட்டுப்போய் இறங்கியிருந்தால் நிறுவும்போது நடுவில் விநோதமான பிழைகள் வரும், பழி லினக்ஸ் மேல் விழும். பதிவிறக்கப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும் ஷா-256 எண்ணோடு (கோப்பின் கைரேகை மாதிரி) உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பென்டிரைவில் இருந்து பூட் ஆனதும் உடனே நிறுவ ஆரம்பிக்காதீர்கள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று அதில் பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் (வைஃபை சில்லை இயக்கும் மென்பொருள்) இல்லாததுதான் காரணம். டெபியன் என்ற டிஸ்ட்ரோவில், 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் அதை நிறுவும் வட்டிலேயே சேர்த்துத் தருகிறார்கள். அவசரத்துக்கு, செல்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பலரையும் கலங்க வைப்பது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர். விண்டோஸ் 11 வந்த பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு தானாகப் பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. லினக்ஸுக்காக பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் காவல்) அணைத்துவிட்டு மறுபடி விண்டோஸுக்குப் போனால், நீலத் திரை 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண் பொதுவாக அந்தக் கணக்கிலேயே இருக்கும். ஆனால் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோயிருந்தால்? அதனால் எதையும் தொடுவதற்கு முன் அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். அப்படியே விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸில் இருந்து அந்த டிரைவில் ஒன்றும் எழுத முடியாது.

இனி வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரை. இங்கே நான் சூடுபட்டவன். என் கணினியில் ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன், பட்டியலில் மேலே இருந்ததுதான் காலி வட்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். காலியானது புகைப்படங்கள் இருந்த வட்டு. நகல் எடுத்திருந்தேன்தான், அதே வட்டின் இன்னொரு பார்ட்டிஷனில் (பகுதியில்)! இப்போதெல்லாம் தேவையில்லாத வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறேன். கழற்ற முடியாத மடிக்கணினி என்றால் வட்டின் பெயர், அளவு, உள்ளே என்னென்ன பார்ட்டிஷன் என்று மூன்றையும் பொருத்திப் பாருங்கள்.

விண்டோஸும் கூடவே இருக்க வேண்டுமா? அதன் டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி, காலி இடம் விட்டு வாருங்கள். கையால் பார்ட்டிஷன் பிரிப்பவர்கள், 100 எம்பி அளவில் ஒன்று இருப்பதைப் பார்த்து 'இது எதற்கு' என்று ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன், விண்டோஸ் எழுந்திருக்கும் வழியே அதில்தான் இருக்கிறது. லினக்ஸும் அதையே பகிர்ந்துகொள்ளும்.

நிறுவி முடித்தபின் விண்டோஸில் கடிகாரம் சில மணி நேரம் தப்பாகக் காட்டினால் பதறாதீர்கள். லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். செக்யூர் பூட்டை அணைக்காமல் என்விடியா (கிராபிக்ஸ் அட்டை) டிரைவர் போட்டவர்களுக்கு வேறொரு சோதனை: மறுபடி பூட் ஆகும்போது ஒரு நீலத் திரை வந்து 'என்ரோல் மோக்' (டிரைவரின் சாவியைப் பதிவு செய்யவா) என்று கேட்கும். பயந்துபோய் 'கன்டினியூ' அழுத்தினால் டிரைவர் வேலை செய்யாது. 'என்ரோல் மோக்'கைத் தேர்ந்தெடுத்து, டிரைவர் போடும்போது கேட்டு நீங்கள் கொடுத்த கடவுச்சொல்லை இங்கே திரும்பக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினல். நிர்வாகி அனுமதி தேவைப்படும் முதல் கட்டளை கொடுத்ததும் கடவுச்சொல் கேட்கும். தட்டுவீர்கள், பல டிஸ்ட்ரோக்களில் திரையில் ஒன்றுமே வராது. ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று எனக்கு ராத்திரியில் போன் செய்தவர் உண்டு. எழுத்து உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது, முழுக்க அடித்து என்டர் தட்டுங்கள்.