கார்ன்ஃபிளார் இல்லாமல் மத்தி வறுவல்: மாவுச்சத்தைக் குறைப்பவர்களுக்கு

மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன் என்று கிளம்பியதும் நம் ஆட்கள் முதலில் விலை கேட்பது சால்மன், அவகாடோ, ஆலிவ் எண்ணெய். நார்வேயில் வளர்த்து ஐஸில் வைத்து அனுப்பிய மீனுக்குக் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் புரிவதே இல்லை. மீன் எதுவானாலும் அதில் மாவுச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம்தான், சால்மனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்படும் ஒமேகா 3 கொழுப்பு நம்மூர் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் தாராளமாக இருக்கிறது. (கடையில் ‘இந்தியன் சால்மன்’ என்று எழுதி வைத்திருப்பது காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் சால்மனுக்கும் அதற்கும் சொந்தமில்லை.)

மாவுச்சத்து மீனில் இல்லை, மசாலாவில்தான் ஒளிந்திருக்கிறது. ஹோட்டல் வறுவலில் மசாலா உதிராமல் மொறுமொறுப்பாக நிற்பதற்குக் காரணம் கார்ன்ஃபிளார், அரிசி மாவு, சில இடங்களில் மைதா. ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃபிளாரிலேயே சுமார் 7 கிராம் மாவுச்சத்து. ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்று இருப்பவருக்கு இது சின்னக் கணக்கு இல்லை. நூறு கிராம் சோற்றில் 28 கிராம் போய்விடும், அதை நாம் கரண்டிக் கணக்கிலா சாப்பிடுகிறோம்?

சரி, மீன் வாங்குவோம். மத்தி (குமரிப் பக்கம் சாளை) வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் உள்ளே போகாமல் பளபளவென்று இருக்க வேண்டும், வயிறு வெடித்திருந்தால் கையால்கூடத் தொடாதீர்கள். இன்னொன்றும் முக்கியம்: மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களை வெயிலில் வைத்திருந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிவிடும், எவ்வளவு வறுத்தாலும் அது போகாது, சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். அதனால் சந்தைக்குப் போகும்போதே ஒரு டப்பாவில் ஐஸ் எடுத்துப் போங்கள், வண்டி பெட்டியில் பாலித்தீன் பையோடு போட்டுவிட்டு நாலு கடை சுற்றாதீர்கள்.

சேலம், திருச்சி பக்கம் இருப்பவர்கள் கடல் மீனுக்காக ஏங்க வேண்டாம். அணையிலும் ஏரியிலும் பிடித்த கெண்டையோ ஜிலேபியோ உயிரோடு துள்ளிக்கொண்டு கிடைத்தால் எனக்கு அதுதான் உள்ளூர் மீன். மசாலா முறையும் அதேதான், ஒமேகா 3 மட்டும் மத்தி அளவுக்கு இருக்காது.

அரைக் கிலோ மத்திக்குக் கணக்கு சொல்கிறேன். செதிலை உரசி, தலையையும் குடலையும் எடுத்துவிட்டு, மண்சட்டியில் கல் உப்பு போட்டுத் தேய்த்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் ஒரு சுத்தமான துணியால் ஒவ்வொரு மீனையும் ஒற்றி எடுங்கள். பலரும் இந்த வேலையைத் தாண்டிப் போய்விட்டு மசாலா ஒட்டவில்லை என்று கார்ன்ஃபிளார் டப்பாவைத் திறக்கிறார்கள், ஈரம் இருந்தால் எந்த மசாலாவும் வழுக்கத்தான் செய்யும். இரண்டு பக்கமும் முள் வரை மூன்று கீறல் போடுங்கள்.

மசாலாவுக்கு நாலு சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சோம்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இவற்றைத் தண்ணீர் விடாமல் அம்மியிலோ சின்ன ஜாரிலோ கொரகொரப்பாக அரைத்து, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், உப்பு, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசையுங்கள். விழுது களிமண் பதத்தில் இருக்க வேண்டும். மாவு செய்யும் வேலையை இந்த வெங்காய விழுதே செய்துவிடும், மொத்த மீனுக்கும் சேர்த்து அதில் வரும் மாவுச்சத்து சில கிராம்தான். இன்னும் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் பாதியை ஊற்றிக்கொள்ளலாம். புளி விழுது வேண்டாம், அதில் சர்க்கரை அதிகம், கல்லில் சீக்கிரம் கருகும்.

கீறலுக்குள் விரலை விட்டுத் தடவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மத்தி மெல்லிய மீன், எலுமிச்சையின் புளிப்பு சதையை வேக வைத்ததுபோல் வெளுக்கச் செய்து கடைசியில் மாவாக்கிவிடும். காலையிலேயே தடவி வைத்துவிட்டு ஆபீஸ் போக வேண்டுமென்றால் எலுமிச்சை சேர்க்காமல் வையுங்கள், வறுத்து இறக்கும்போது பிழிந்தால் போதும். வஞ்சிரத் துண்டு கனமாக இருக்கும், ஒரு மணி நேரம் தாங்கும்.

இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை பரப்பி, அதன்மேல் மீனை வைத்துத் தீயை மிதமாக்குங்கள். உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது. மீன் வெந்து முறுகினால் கல்லை விட்டுத் தானாக விலகும், அதுவரை கரண்டியைக் கீழே வையுங்கள். பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் ஆகும்.

கூடச் சாப்பிட முட்டைகோஸ் பொரியல், புடலங்காய்க் கூட்டு (பருப்பைக் குறைத்து), முருங்கைக்கீரை, வெள்ளரிக்காய். சோறு இல்லாத ஏக்கத்தை இவை முழுசாகத் தீர்க்கும் என்று பொய் சொல்ல மாட்டேன், முதல் பத்து நாள் கஷ்டம்தான். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தக் கூடாது, மருந்தளவு அப்படியே இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம். யூரிக் ஆசிட் தொல்லை இருப்பவர்களுக்கு மத்தி ஆகாது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, குமரியின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும், விலை எகிறும், பெட்டியில் பல நாள் கிடந்த மீனும் ‘இன்னைக்குப் பிடிச்சது’ என்று விலைக்கு வரும். அப்போது ஏரி மீனுக்கு மாறுங்கள், இல்லையென்றால் இதே மசாலாவை நாட்டுக்கோழியில் தடவுங்கள், அதற்கு ஒரு ராத்திரி முழுக்க ஊற வைக்கலாம்.